காற்றுத் துகளில் என்ன இருக்கிறது? அளக்கும் முறைகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒரே இடம், ஒரே நாள். வடிதாளில் பிடித்து ஆய்வகத்தில் பார்த்தால் நைட்ரேட் குறைவு. காற்றை இழுத்து அங்கேயே உடனுக்குடன் அளக்கும் நேரடிக் கருவியில் அதிகம். எதை நம்புவது?

பதில்: வெயில் காலம் என்றால் நேரடிக் கருவியை நம்புவேன். சூடு ஏறினால் அம்மோனியம் நைட்ரேட் அம்மோனியாவாகவும் நைட்ரிக் அமிலமாகவும் பிரிந்து ஆவியாகிவிடும். டெஃப்லான் தாளில் காலையில் படிந்ததில் கணிசமான பங்கு, 24 மணி நேரச் சேகரிப்பு முடியும் முன்பே மதிய வெப்பத்தில் போய்விடலாம். நைலான் தாள் அந்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் எந்தத் தாள் என்று முதலில் கேளுங்கள். சல்பேட் இப்படி ஆவியாகாது. அதிலும் பெரிய வித்தியாசம் வந்தால் காற்று இழுக்கும் வேகத்தைச் சரிபாருங்கள்.

கேள்வி: அப்படியானால் அந்த நேரடிக் கருவி, அதாவது மூலக்கூறுத் துண்டுகளை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறை நிறமாலைமானி, மட்டும் போதுமே?

பதில்: போதாது. இவ்வகையில் பரவலாகப் பயன்படும் ஏ.எம்.எஸ்., ஏ.சி.எஸ்.எம். என்ற கருவிகள் துகளைச் சுமார் 600 டிகிரி செல்சியஸில் ஆவியாக்கி அளக்கின்றன. அந்தச் சூட்டிலும் ஆவியாகாத புகைக்கரியும் மண்தூசியும் கணக்கில் வராது. சில நிமிடங்கள் முதல் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை அளவு கிடைப்பதால், காலை நெரிசலில் கரிமப் பொருள் ஏறுவதை அப்படியே காணலாம். அது வடிதாளால் முடியாத காரியம். ஆனால் ஈயம், துத்தநாகம், சாலைப் புழுதி வேண்டுமென்றால் டெஃப்லான் தாளும், எக்ஸ் கதிர் பாய்ச்சித் தனிமங்களை அறியும் எக்ஸ் கதிர் ஒளிர்வுச் சோதனையும் வழக்கமான வழி.

கேள்வி: மலிவான சென்சாரால் வேதிக்கூறு தெரியுமா?

பதில்: தெரியாது. துகள் சிதறடிக்கும் ஒளியைத்தான் அது அளக்கிறது. காற்றில் ஈரம் கூடினால் துகள் நீரை உறிஞ்சிப் பருக்கும், சென்சார் காட்டும் எண்ணும் கூடும்.

கேள்வி: ஒரே தாளை வெட்டி இரண்டு ஆய்வகங்களுக்குக் கொடுத்தோம். தனிமக் கார்பன் (ஏறக்குறைய புகைக்கரி) ஒன்றில் மற்றதைப் போல் இருமடங்கு!

பதில்: யார் மீதும் தவறு இல்லாமலே இது நடக்கும். குவார்ட்ஸ் தாளை முதலில் ஹீலியத்தில் சூடாக்கும்போது கரிமப் பொருளில் ஒரு பகுதி தாளிலேயே கருகித் தாள் கறுக்கும். பிறகு ஆக்சிஜன் சேர்த்ததும் அது எரிந்து தாள் வெளுக்கும். தாள் மீது பாய்ச்சும் லேசர் ஒளியின் அளவீடு பழைய அளவுக்குத் திரும்பும் கணத்தில் கோடு கிழித்து, அதன்பின் வெளியேறுவதைத் தனிமக் கார்பன் என்கிறோம். ஒரு ஆய்வகம் தாளில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பார்க்கும். இன்னொன்று தாளை ஊடுருவி வரும் ஒளியை. வெப்பநிலைப் படிகளும் வேறுபடும். கோடு எங்கே விழுகிறது என்பதே மாறிப்போகிறது. மொத்தக் கார்பன் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் இரு ஆய்வகங்களின் வேலையும் பெரும்பாலும் சரிதான்; இனி எல்லாத் தாள்களையும் ஒரே நெறிமுறையில் அளக்கச் சொல்லுங்கள்.