பழைய காரை நாமே பழுது பார்க்கலாமா?

கேள்வி: பழைய வண்டியாக வாங்கிய என் பெட்ரோல் காருக்கு 15 வயதாகிறது. காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆவதில்லை, இழுவையும் குறைந்துவிட்டது. விற்றுவிட்டு வேறு வாங்கச் சொல்கிறார்கள். நானே சரிசெய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். ஆனால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வண்டியின் அடிப்பாகத்தைப் பாருங்கள். சேஸிஸிலும் (அடிச்சட்டம்) சஸ்பென்ஷன் (சக்கர அதிர்வைத் தாங்கும் அமைப்பு) பொருத்தப்பட்டுள்ள இடங்களிலும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தும்போது தகடு உள்வாங்கும் அளவுக்குத் துரு அரித்திருந்தால், எஞ்சினுக்காக நீங்கள் படும் பாடு வீணாகிவிடும்.

துரு இல்லையெனில் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். முழுமையாகச் சார்ஜ் ஆன பேட்டரி, எஞ்சின் ஓடாதபோது மல்டிமீட்டரில் (மின்னழுத்தம் அளக்கும் கருவி) சுமார் 12.6 வோல்ட்டும், ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) நன்றாக இருந்தால் எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் காட்டும். பிறகு, எஞ்சின் நன்கு ஆறியதும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி முனைகளைக் கவனியுங்கள். வெளிர் பழுப்பு நிறமாக இருந்தால் கவலை வேண்டாம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதியாகச் செல்கிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது எனலாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கக்கூடும் என்பதால், கம்ப்ரஷன் சோதனை (சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக உள்ளதா என்ற சோதனை) செய்து பார்த்த பிறகே முடிவெடுங்கள். பிளக்கும் ஃபில்டரும் மாற்றினால் தீரக்கூடிய கோளாறுக்காக நல்ல வண்டியை விற்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் செல்லாதீர்கள்; சமதளத்தில் நிறுத்தி, ஜாக் ஸ்டாண்டு (தூக்கிய வண்டியைத் தாங்கும் முட்டு) கொடுத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். பிரேக், ஏர்பேக் வேலைகளை அனுபவமுள்ள மெக்கானிக்கிடமே ஒப்படையுங்கள்.