சித்தி சொன்ன பதில்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எய்ட்ஸால் பெற்றோரை இழந்த குழந்தைகளைப் பற்றிப் பள்ளியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். குறிப்பெடுக்கப் போனால், ஐ.நா.வின் 2000ஆம் ஆண்டு அறிக்கையில் உலகம் முழுக்க 1 கோடியே 32 லட்சம் பேர் என்று இருக்கிறது. 2004இல் 1 கோடியே 50 லட்சம். இடையில் 18 லட்சம் பேர்தான் கூடினார்களா? நாடு நாடாகப் போய் இதை யார் எண்ணினார்கள்?

— வாசகி, அம்பாசமுத்திரம்

அன்புள்ள டீச்சருக்கு,

ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு பிள்ளைகளைப் பற்றிய கணக்கு.

2000 அறிக்கை, 15 வயதுக்குள் தாயையோ, தாய் தகப்பன் இருவரையுமோ இழந்தவர்களை நோய் தொடங்கிய நாளிலிருந்து மொத்தமாகக் கூட்டியது. அதற்குள் வளர்ந்து பெரியவர்கள் ஆனவர்களும், இறந்தே போனவர்களும் அதில் உண்டு. தகப்பனை மட்டும் இழந்த பிள்ளைக்கு அதில் இடமில்லை. 2004 அறிக்கை, 2003இல் உயிரோடு இருந்த 18 வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும் பார்த்தது. ஆனால் பெற்றவர்களில் ஒருவர் போயிருந்தாலும் சேர்த்துக்கொண்டது.

இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் 'அநாதைகள்' என்று போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது வலிக்கிறது. தகப்பன் போனபிறகு தாய் பீடி சுற்றி வளர்க்கிற பிள்ளையை நம் பக்கம் யாராவது அநாதை என்போமா? வகுப்பில் அந்தச் சொல் வேண்டாம்.

சரி, யார் எண்ணினார்கள்? யாரும் எண்ணவில்லை. அது கணித்துச் சொன்ன எண். கர்ப்பிணிகளின் ரத்தப் பரிசோதனை, வீட்டுக் கணக்கெடுப்பு ஆகியவற்றிலிருந்து ஒரு நாட்டில் எத்தனை பேருக்குத் தொற்று என்று முதலில் கணிப்பார்கள். அதிலிருந்து வருடத்துக்கு எத்தனை சாவு. இறந்த பெண்களுக்கு அந்த வயதில் எத்தனை பிள்ளைகள் இருந்திருக்கும்? தொற்றுள்ள பெண்களுக்குப் பிள்ளைப்பேறு குறைவு, தாயிடமிருந்து தொற்றிய குழந்தைகள் பலர் பிழைப்பதில்லை. அதையெல்லாம் கழிக்க வேண்டும். ஆண்கள் விஷயம் இன்னும் சிக்கல், எந்த வயது ஆணுக்கு எத்தனை பிள்ளை என்கிற விவரம் பல நாடுகளில் சரியாகக் கிடையாது. அப்புறம், கணவனுக்கு இருந்தால் மனைவிக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே பிள்ளையை இரண்டு தடவை எண்ணிவிடாமல், இருவரையும் இழந்தவர்களைத் தனியாகக் கணிக்க வேண்டும்.

ஆக, அடியில் இருக்கிற எண் ஆடினால் எல்லாமே ஆடும். இந்தியாவில் 57 லட்சம் பேருக்குத் தொற்று என்று 2006இல் சொன்னார்கள். வீடு வீடாக ரத்தம் எடுத்த கணக்கெடுப்பும் வந்தபிறகு, 2007இல் அது சுமார் 25 லட்சம் ஆனது. நோயாளிகள் குணமாகிக் குறையவில்லை, கணிப்புதான் திருந்தியது.

கணிப்பு சரிதானா என்று பார்க்க வீட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய் உயிரோடு இருக்கிறாளா, தகப்பன் இருக்கிறானா என்று கேட்பார்கள். எதனால் இறந்தார்கள் என்பது அந்தக் கேள்வியில் வராது. விடுதியில் இருக்கிற பிள்ளையும் தெருவில் இருக்கிற பிள்ளையும் அதில் விட்டுப்போவார்கள்.

முக்கூடல் பக்கம் ஒரு வீட்டுக்குக் கணக்கெடுக்கிற பெண்ணோடு நானும் போயிருந்தேன். திண்ணையில் ஒருத்தி மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒன்பது வயதுப் பையன் நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா 2003இல் போய்விட்டாள். அரசு ஆஸ்பத்திரிகளில் எய்ட்ஸ் கிருமியை அடக்கி வைக்கிற ஏஆர்டி மாத்திரை இலவசமாக வரத் தொடங்கியது 2004 ஏப்ரலில். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது டிபி. இவள் அவனுக்குச் சித்தி. எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும்.

"தாயார் உயிரோட இருக்காங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

சித்தியின் விரல் ஒரு நொடி நின்றது. "நாந்தான் இவனுக்கு அம்மை. உயிரோடதான இருக்கேன், என்னத்துக்குக் கேக்கிய?" என்றாள். பையன் நிமிரவே இல்லை. 'ஆம்' என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனோம். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் திறக்க மாட்டேன்.

ஆப்பிரிக்காவிலும் இதுதான் நடக்கிறது. பெரியம்மாவும் சின்னம்மாவும் 'என் பிள்ளை' என்று சொல்லிவிடுவதால், கணக்கெடுப்பில் தாயில்லாப் பிள்ளைகள் குறைவாகத் தெரிகிறார்கள்.

பள்ளியில் 1 கோடியே 50 லட்சத்தையே சொல்லுங்கள். கூடவே 2003, 18 வயதுக்குள், பெற்றவர்களில் ஒருவரையாவது இழந்தவர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் சகாராவுக்குத் தெற்கே இருந்த பிள்ளைகள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், டீச்சர். யார் வீட்டிலெல்லாம் அப்பா அம்மா இல்லை என்று பிள்ளைகளைக் கை தூக்கச் சொல்லிவிடாதீர்கள்.