லோகோ போடுவதற்கு முன்னால் பில்லை எடுத்துப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அட்டைப்பெட்டி, பேப்பர் பை செய்கிறவர்களிடமிருந்து வந்தவை. எல்லாரும் சுற்றிச்சுற்றி ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: எஃப்எஸ்சி (Forest Stewardship Council), அதாவது ஒழுங்காகப் பராமரித்த காட்டிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ வந்த மரம் என்று காட்டுகிற சான்றிதழ். இருபது வருஷத்துக்கு மேல் பெட்டித் தொழிலில் இருந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததை நேராகவே சொல்கிறேன்.

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் 22 பேரை வைத்து அட்டைப்பெட்டி யூனிட் நடத்துகிறேன் ஐயா. துணி ஏற்றுமதி செய்கிற வாடிக்கையாளர் ஒருவர், மூன்று மாதத்துக்குள் எஃப்எஸ்சி பெட்டி தர முடியுமா, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். கன்சல்டன்ட் ஒருவர், "சான்றிதழுக்கு வேண்டிய நடைமுறை மேனுவலை நானே எழுதித் தருகிறேன், நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்" என்கிறார். நம்பலாமா?

மேனுவலை யார் வேண்டுமானாலும் எழுதித் தரலாம். ஆனால் ஆடிட்டர் வந்தால் மேனுவலைப் புரட்டிவிட்டு நேரே உங்கள் கோடவுனுக்குத்தான் போவார். அங்கே காகித ரீல் உருட்டுகிற தம்பியிடம், "இது சர்டிஃபிகேட் ரீலா, சாதா ரீலா, உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். அந்தத் தம்பிக்குப் பதில் தெரியவில்லை என்றால் நீங்கள் போட்ட கையெழுத்து உங்களைக் காப்பாற்றாது.

முதலில் இது என்ன என்று பார்த்துவிடுவோம். எஃப்எஸ்சி 1993ல் தொடங்கிய அமைப்பு, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரத்தில் இருக்கிறது. காட்டையும் தோட்டத்தையும் ஒழுங்காகப் பராமரிக்கிறவர்களுக்கு ஒரு சான்றிதழ், அங்கிருந்து வெட்டிய மரம் கூழாகி, காகிதமாகி, பெட்டியாகிற வரைக்கும் கைமாற்றிக் கொடுக்கிறவர்களுக்கு இன்னொரு சான்றிதழ். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அதை 'செயின் ஆஃப் கஸ்டடி' என்பார்கள், பேர் சொல்கிற மாதிரியே அது ஒரு சங்கிலி. எஃப்எஸ்சி நேரடியாக வந்து சான்றிதழ் தராது, அங்கீகாரம் பெற்ற தணிக்கை நிறுவனங்கள்தான் தரும். ஐந்து வருஷம் செல்லும், ஆனால் வருஷா வருஷம் ஆடிட் உண்டு. ஆடிட் கட்டணம் தவிர, உங்கள் விற்றுமுதலைப் பொறுத்து எஃப்எஸ்சிக்கு ஆண்டுக் கட்டணமும் இருக்கிறது, அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு வாடிக்கையாளரிடம் விலை பேசுங்கள். மிகச் சிறிய யூனிட்கள் சேர்ந்து குழுவாக ஒரே சான்றிதழ் வாங்குகிற வழியும் உண்டு. உங்கள் ஆள் எண்ணிக்கைக்கும் விற்றுமுதலுக்கும் அது பொருந்துமா என்று தணிக்கை நிறுவனத்திடம் முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள், செலவு நிறையக் குறையும்.

சரி, வேலைக்கு வருவோம். உங்கள் பெட்டியில் மேல் லைனர், நடுவில் அலை அலையாக மடித்த ஃப்ளூட்டிங், உள் லைனர் என்று மூன்று காகிதம் இருக்கிறது. மேலே மட்டும் சர்டிஃபிகேட் உள்ள டூப்ளக்ஸ் போர்டு ஒட்டிவிட்டு, உள்ளே பக்கத்து டீலரிடம் வாங்கிய சாதா கிராஃப்ட் (பழுப்புக் காகிதம்) போட்டால் அது எஃப்எஸ்சி பெட்டி ஆகாது. சிறிய யூனிட்டுக்கு ஏற்றது 'டிரான்ஸ்ஃபர்' என்கிற முறை. அதில் உள்ளே போகிற காகிதம் எல்லாமே சான்றோடு வரவேண்டும். 'மிக்ஸ்' என்றால் சான்றுள்ள கூழோடு மற்றக் கூழும் கலந்தது. ஒன்று மிக்ஸ் கிரெடிட், இன்னொன்று மிக்ஸ் 70 சதவீதம் என்று வந்தால், வெளியே போகிற பெட்டிக்கு அதில் குறைந்ததான மிக்ஸ் 70 சதவீதத்தைத்தான் எழுத முடியும். பசை, ஸ்டார்ச், இங்க் இதிலெல்லாம் வராது.

அப்புறம் எடைக் கணக்கு. உதாரணத்துக்கு, 1,000 கிலோ காகிதம் எடுத்தால் ட்ரிம், டை கட்டிங் கழிவு போக 850 கிலோ பெட்டி வருகிறது என்று வையுங்கள். அந்த 85 சதவீதம்தான் உங்கள் கன்வெர்ஷன் ஃபேக்டர். வருஷக் கடைசியில் ஆரம்ப இருப்பு, வாங்கியது, பயன்படுத்தியது, விற்றது, மீதி என்று ஒரே தாளில் போட்டுக் காட்டவேண்டும். வாங்கினதைவிட அதிகமாக விற்றதாகக் கணக்கு வந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். பில், ரீல் ஸ்லிப், ஜாப் கார்டு, டெலிவரி சலான் எல்லாவற்றையும் குறைந்தது ஐந்து வருஷம் வைத்திருக்கவேண்டும்.

நான் பார்த்த யூனிட்களில் பெரும்பாலும் சங்கிலி அறுந்து போகிற இடம் பாதி ஓடின ரீல்தான். முழு ரீலில் மில் ஸ்லிப் இருக்கும், யாரும் குழம்ப மாட்டார்கள். பாதி ஓட்டிவிட்டுக் கழற்றி வைக்கும்போது ஸ்லிப் கிழிந்து போயிருக்கும், மறுநாள் காலை ஷிஃப்டுக்கு அது வெறும் பழுப்பு ரீல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நான் இருந்த யூனிட்டில் தண்ணீர் ஏறியபோது கையில் கிடைத்ததையெல்லாம் மேட்டுக்கு உருட்டினோம். காகிதத்தைக் காப்பாற்றிவிட்டோம், ஆனால் டேக் எல்லாம் நனைந்து கூழாகிவிட்டது. எது எந்த ரீல் என்று நிரூபிக்க வழியில்லாமல், சர்டிஃபிகேட் ரீலுக்குக் கொடுத்த விலையை மறந்துவிட்டு அத்தனையையும் சாதா சரக்காக எழுதினோம். அதற்கப்புறம் ரீலின் பக்கவாட்டிலேயே பச்சைப் பெயிண்டில் பட்டை போட ஆரம்பித்தோம். பாதி ரீலிலும் அது இருக்கும், தண்ணீரிலும் போகாது. நீங்கள் இன்றைக்கே அதைச் செய்யலாம்.

இன்னொரு விஷயத்தைக் கன்சல்டன்ட்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. இப்போதைய விதியில் தொழிலாளர் உரிமையும் சேர்ந்திருக்கிறது: குழந்தைத் தொழிலாளர் கூடாது, கட்டாய உழைப்பு கூடாது, பாகுபாடு கூடாது, சங்கம் சேர்வதைத் தடுக்கக் கூடாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளின் ஆதார் அட்டையை 'பத்திரமாக இருக்கட்டும்' என்று ஆபீஸ் பீரோவில் பூட்டி வைக்கிற பழக்கம் நம் எஸ்டேட்களில் இருக்கிறது. அடையாள அட்டையைப் பிடித்து வைப்பது கட்டாய உழைப்பின் அறிகுறியாகவே அந்த விதியில் எழுதியிருக்கிறது. தயவுசெய்து இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சான்றிதழ் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் செய்யவேண்டிய காரியம் அது.

மூன்று மாதம் போதுமா என்றால், நாளைக்கே தொடங்கினால் முடியலாம். ஆடிட் நடக்கும்போது கையிருப்பில் உள்ள காகிதத்துக்கு முறையான பில் இருந்தால், சான்றிதழ் வந்தபிறகு அதையும் எஃப்எஸ்சி வேலைக்குப் பயன்படுத்தலாம், அதனால் வாங்குவதை இப்போதே சரியான இடத்தில் தொடங்கிவிடலாம். சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன்னால் மட்டும் ஒரு பெட்டியையும் எஃப்எஸ்சி என்று பில் போடாதீர்கள். ஆடிட்டில் பெரிய குறை எழுதினால் மூன்று மாதத்துக்குள் சரிசெய்யவேண்டும், சின்னக் குறைக்கு ஒரு வருஷம் வரை அவகாசம் உண்டு. குறை எழுதினாரே என்று பயந்துவிட வேண்டாம், எல்லாருக்கும் எழுதுவார்கள்.

கேள்வி: ராயப்பேட்டையில் ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறேன் சார். ஒரு கம்பெனி இனிப்புப் பெட்டிக்கு ஆர்ட்வொர்க் அனுப்பியிருக்கிறது, அதில் எஃப்எஸ்சி மரக் குறி இருக்கிறது. ஆண்டர்சன் தெரு டீலரிடம் சர்டிஃபிகேட் உள்ள மில்லின் போர்டுதான் வாங்கினேன், பண்டலில் மில் லேபிளும் இருக்கிறது. அச்சடித்துத் தரலாமா?

கூடாது. உங்களுக்குச் சான்றிதழ் இல்லை, அதுவே போதும். நாளைக்கு நீங்கள் வாங்கிவிட்டாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது: இடையில் இருக்கிற டீலருக்கும் சான்றிதழ் வேண்டும். சரக்கு யார் பேருக்குச் சொந்தமாக மாறுகிறதோ அவர் சங்கிலியில் ஒரு கண்ணி. பண்டலில் மில் லேபிள் இருந்தாலும், உங்களுக்கு வந்த பில்லில் டீலரின் சான்றிதழ் எண்ணும் 'எஃப்எஸ்சி மிக்ஸ்', 'எஃப்எஸ்சி 100%' மாதிரியான வாசகமும் இல்லையென்றால் அது சாதா போர்டுதான். பில்லில் இருந்தாலும் அப்படியே நம்பிவிடாமல் எஃப்எஸ்சியின் இணையத் தேடலில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள், காசு கிடையாது. சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா, அதில் போர்டு சேர்ந்திருக்கிறதா என்று இரண்டையும் பார்க்கவேண்டும்.

சான்றிதழ் வந்தபிறகும், ஆர்ட்வொர்க்கைத் தணிக்கை நிறுவனத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் பிளேட் போடவேண்டும். குறியோடு வருகிற உரிம எண் உங்களுடையதாக இருக்கவேண்டும், வாடிக்கையாளர் வேறு எங்கோ அடித்த பழைய பெட்டியிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது. இந்தத் தப்பைத் தெரியாமல் செய்கிறவர்கள் நிறையப் பேர். டை கட்டிங், லேமினேஷனை வெளியே ஜாப் ஒர்க் கொடுப்பீர்கள் என்றால் அதற்கும் எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். அவர்களிடம் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் உங்கள் ஷீட் வேறொருவர் ஷீட்டோடு கலக்கக் கூடாது, தேவைப்பட்டால் ஆடிட்டர் அங்கேயும் போய்ப் பார்ப்பார்.

கேள்வி: எங்கள் பெட்டி முழுக்கப் பழைய பேப்பரில் செய்த கிராஃப்ட். ஒரு மரம்கூட வெட்டவில்லை. இதற்கு ஏன் சான்றிதழ்? – ஸ்ரீபெரும்புதூர் வாசகர்

உங்கள் ஆதங்கம் நியாயம்தான். நம் ஊர் கிராஃப்டில் பெரும்பகுதி பழைய அட்டையைக் கரைத்து எடுத்ததுதான், அது நல்ல விஷயம். ஆனால் 'எஃப்எஸ்சி ரீசைக்கிள்டு' என்று எழுத வேண்டுமானால், அந்தக் கழிவுக் காகிதம் உண்மையிலேயே கழிவுதானா என்று பார்த்துக் கணக்கு வைக்கவேண்டியது அதை வாங்கிக் கரைக்கிற மில். அந்த மில்லுக்குச் சான்றிதழ் இல்லையென்றால் பெட்டி போடுகிற நீங்கள் அந்த இடத்தை நிரப்ப முடியாது. நாலைந்து யூனிட்காரர்கள் சேர்ந்து உங்கள் மில்காரரிடம் பேசுங்கள். தனியாகப் போனால் கேட்க மாட்டார், மாதத்துக்கு இத்தனை டன் எடுக்கிறோம் என்று சேர்ந்து போனால் உட்கார வைத்துப் பேசுவார்.

கேள்வி: பெரம்பூரில் மகளிர் குழுவாகப் பேப்பர் பை செய்கிறோம். கரும்புச் சக்கைக் காகிதம் வாங்கினால் மரமே வெட்டாத பை என்று எஃப்எஸ்சி குறி போடலாமா? – குழுத் தலைவி

அம்மா, உங்கள் எண்ணம் நல்லது. கரூர் பக்கம் காகிதபுரத்தில் இருக்கிற டிஎன்பிஎல், 1979ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு நிறுவனம், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதற்குப் பேர்போனது. ஆனால் எஃப்எஸ்சியின் கணக்கே காட்டு மரத்தையும் தோட்ட மரத்தையும் பற்றியது. கரும்புச் சக்கை, பருத்தி எல்லாம் அந்தக் கணக்கில் கூட்டவும் மாட்டார்கள், கழிக்கவும் மாட்டார்கள். முழுக்கச் சக்கையில் செய்த பைக்கு அந்தக் குறி கிடைக்காது. குறி இல்லாததால் பை மட்டமாகிவிடாது, 'கரும்புச் சக்கைக் காகிதம்' என்று நம் எழுத்திலேயே அச்சடித்துக் கொடுங்கள். அதற்கும் மில்லிடமிருந்து எழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சக்கையோடு மரக்கூழும் கலந்த காகிதமும் விற்பனையில் உண்டு.

பின்னாளில் சான்றிதழுக்குப் போனால் ஒன்றை ஞாபகம் வையுங்கள். பையின் தாள் மட்டும் போதாது. அடியில் வைக்கிற அட்டை, முறுக்கின காகிதக் கைப்பிடி, வாய்ப்பக்கம் மடித்து ஒட்டுகிற அட்டைப் பட்டை எல்லாமே சான்றுள்ள சரக்காக இருக்கவேண்டும். பருத்திக் கயிறு என்றால் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: எஃப்எஸ்சி இருந்தால் ஐரோப்பாவின் புதிய காடழிப்புச் சட்டத்துக்கும் அதுவே போதுமா? – கிண்டி வாசகர்

போதாது. அது 2023ல் வந்த சட்டம், அமலாகும் தேதியைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்து மரம் கூடாது என்பதும், மரம் வளர்ந்த நிலம் எது என்று காட்டவேண்டும் என்பதும் அதன் சாரம். சான்றிதழ் உதவும், ஆனால் அந்தச் சட்டம் கேட்கிற ஆய்வுக்குப் பதிலாக நிற்காது. உங்கள் பெட்டி சட்டையைச் சுமந்துகொண்டு வெறும் பேக்கிங்காகப் போனால் அந்தச் சட்டத்தில் வராது. காலிப் பெட்டியையே சரக்காக விற்றால் வரும். முழுக்கப் பழைய காகிதத்தில் செய்ததற்கு விலக்கு உண்டு.

கேள்வி: இத்தனை பில்லும் டேக்கும் வைத்து உண்மையிலேயே ஒரு காடாவது பிழைக்கிறதா? – தாம்பரம், கல்லூரி மாணவி

நல்ல கேள்வி, நானும் பல வருஷம் யோசித்த கேள்வி. நம் மாநிலத்தில் காகித மில்லுக்குப் போகிற மரம் பெரும்பாலும் சவுக்கும் தைலமரமும். 1988 தேசிய வனக் கொள்கை, மரத் தொழிற்சாலைகள் தங்களுக்கு வேண்டியதை விவசாயிகளோடு சேர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும், காட்டு மரத்தைச் சலுகை விலையில் கொடுப்பது நிற்கவேண்டும் என்று சொன்னது. அதனால் இங்கே நீ பார்க்கவேண்டியது கடலூர், விழுப்புரம் பக்கத்துச் சவுக்குத் தோப்பைத்தான் அம்மா. இறக்குமதிக் கூழுக்குக் கதை வேறு. இயற்கைக் காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்களை எஃப்எஸ்சி நெடுங்காலமாக வெளியே நிறுத்தியிருக்கிறது, அதற்கு மதிப்பு இருக்கிறது என்று நம்புகிறேன்.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு ஏக்கர் சவுக்கு போட்ட விவசாயியால் தனியாகச் சான்றிதழ் வாங்க முடியாது, குழுவாகச் சேர்ந்தால்தான் முடியும். அந்தக் குழுவை யாராவது கட்டி எழுப்பவேண்டும், பதிவேடு எழுதவேண்டும். வாங்குகிற கம்பெனி பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசில் ஒரு பங்காவது தோப்புவரைக்கும் போகவேண்டும். அம்பத்தூர்க்காரருக்கும் இதையே சொல்கிறேன்: மில்லிடம் சர்டிஃபிகேட் போர்டுக்கு விலை பேசும்போது, மரம் கொடுத்தவருக்கு டன்னுக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வந்த பதிலை எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.