லிங்கன்பெர்ரி என்று வந்த முள்செடி

கேள்வி (வாசகி, குழித்துறை): என் மகள் சுவீடனில் நர்ஸாக இருக்கிறாள். போன லீவுக்கு வந்தபோது லிங்கன்பெர்ரி ஜாம் ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். புளிப்பும் லேசான கசப்புமாக எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆன்லைனில் தேடினால், ‘லிங்கன்பெர்ரி செடி, நிழலிலும் தொட்டியிலும் வளரும், எல்லா ஊருக்கும் ஏற்றது, 6 மாதத்தில் காய்க்கும்’ என்று படத்தோடு போட்டிருந்தார்கள். இரண்டு செடி 1,180 ரூபாய். ஒன்றைப் பலா மூட்டிலும் மற்றதை மொட்டைமாடித் தொட்டியிலும் வைத்தேன். பலா மூட்டில் வைத்தது ஒரே மாதத்தில் பட்டுப்போயிற்று. மாடியில் இருப்பது நன்றாகத் தளிர்க்கிறது. ஆனால் முள் இருக்கிறது, இலையைக் கிள்ளினால் பால் வருகிறது. விற்றவர்களிடம் கேட்டால் ‘உயிருள்ள செடிக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார்கள். என்ன செய்யலாம்? போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

பதில்: போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன் அம்மா. லிங்கன்பெர்ரிக்கு முள்ளும் கிடையாது, பாலும் வராது. அது முழங்கால் உயரம்கூட எட்டாத குட்டிப் புதர். இலை நகம் அளவுதான் இருக்கும். மேலே மெழுகு பூசினதுபோல மினுங்கும். திருப்பினால் வெளிறிய அடிப்பக்கத்தில் பொட்டுப் பொட்டாகக் கரும்புள்ளிகள் தெரியும். உங்கள் செடியில் இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக நிற்கின்றன, முள் கவைபோல இரண்டாகப் பிரிகிறது, பாலும் வருகிறது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் களாச்செடிதான். ஊறுகாய் போடுவோமே, அந்தக் களாக்காய். நர்சரியில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற கன்றுக்கு நீங்கள் 590 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். செத்துப்போனதும் களாவாகத்தான் இருக்க வேண்டும். வெயில் கேட்கிற செடி, பலா நிழலில் என்ன செய்யும்?

சரி, அசல் லிங்கன்பெர்ரியே வந்திருந்தால்? அதுவும் பிழைத்திருக்காது. உங்கள் கைராசியைக் குறை சொல்லாதீர்கள். விளம்பரத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. அது பைன் காட்டு மரங்களுக்கு அடியில் படரும் செடி, தொட்டியிலும் வளரும், புளிப்பு மண், அதாவது அமிலத்தன்மை உள்ள மண் கேட்கும். நம் ரப்பர் தோட்டத்துச் செம்மண்ணும் புளிப்பு மண்தான். ஆனால் அதற்குப் பல வாரங்கள் நீடிக்கிற கடுங்குளிர் வேண்டும். பனிக்கு அடியில் புதைந்து, மைனஸ் 30 டிகிரியையும் தாங்கிக் கிடந்து, வசந்தத்தில் பூக்கும். நாகர்கோவில் பக்கம் மார்கழி இரவில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். நிழல் என்பதும் அப்படித்தான். அங்கே கோடையில் பகல் 18 மணி நேரம் நீளும், பைன் மரத்து இடுக்கில் சாய்வெயில் வந்துகொண்டே இருக்கும். அங்கேயும் இருட்டு நிழலில் இலைதான் மண்டும், காய் அவ்வளவாகப் பிடிக்காது.

அடுத்த தடவை மகளை ஒரு செடி கொண்டுவரச் சொல்லலாமா என்று தோன்றும். வேண்டாம். 2003ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, வெளிநாட்டுச் செடிக்கும் விதைக்கும் இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டு அரசு தரும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டி வைத்துக் கொண்டுவரும் சாமான் இல்லை அது.

இனி பணத்துக்கு வருவோம். ‘உயிருள்ள செடிக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்பது இங்கே செல்லாது. 2020 மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. உங்கள் வழக்கு ‘செடி செத்துப்போச்சு’ என்பதல்ல, ‘கேட்டது ஒன்று, வந்தது வேறு’ என்பது. கடிதத்தில் இதையே முதல் வரியாக எழுதுங்கள். செத்த செடியைப் பற்றி எழுதினால், தண்ணீர் ஊற்றினீர்களா, உரம் போட்டீர்களா என்று பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இன்றைக்கே அந்த விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். புகார் போன மறுநாள் ‘எல்லா ஊருக்கும் ஏற்றது’ என்ற வரி காணாமல் போகும். பில், பெட்டி மேல் ஒட்டிய சீட்டு, முள் தெளிவாகத் தெரிகிற போட்டோ மூன்றையும் சேர்த்து அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று அவர் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். 1,180 ரூபாய்க்காக வாய்தா வாய்தாவாக அலையச் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் 1915க்குப் போன பிறகு பணம் வந்துவிடும் என்பது என் அனுபவம்.

மாடியில் இருக்கிற களாவைப் பிடுங்கிவிடாதீர்கள். பேக்கரி கேக்கின் மேல் சிவப்பாக உட்கார்ந்திருக்கிற ‘செர்ரி’ பல கடைகளில் விதை எடுத்து, சாயமேற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய்தான். சாயமில்லாமல் ஜாம் போட்டுப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த அந்தப் புளிப்புக்குப் பக்கத்தில் வரும்.

பலா மூட்டு நிழலுக்கு நான் சொல்வது புதர் மிளகு. கொடியாக ஏறாத நல்லமிளகு; தொட்டியிலேயே காய்க்கும், அரை நிழல் போதும். ஆடி அமாவாசைக்கு உங்கள் ஊர் வாவுபலிப் பொருட்காட்சியில் செடிக்கடைகள் வருமே, அங்கே கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது கணுவைப் பாருங்கள். கணுவில் பற்றுவேர் இருந்தால் அது கொடியிலிருந்து எடுத்தது, நாளைக்குப் பலாவில் ஏறிவிடும். காய்க்கிற பக்கக் கிளையில் எடுத்ததில் பற்றுவேர் இருக்காது.

கேள்வி (வாசகர், குலசேகரம்): எங்களுக்கு மாறாமலையில் கொஞ்சம் கிராம்புத் தோட்டம் உண்டு. அங்கே நல்ல குளிர். இந்த லிங்கன்பெர்ரி அங்கே வருமா?

பதில்: கிராம்புத் தோட்டம் என்றீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது. உறைபனி பட்டால் கிராம்பு தாங்காது; லிங்கன்பெர்ரிக்கு அந்தக் குளிர்தான் வேண்டும். ஒரே தோட்டத்தில் இரண்டும் நடக்காது. காசைக் கிராம்புக்கே போடுங்கள்.

கேள்வி (வாசகி, தக்கலை): கடையில் வாங்குகிற வெளிநாட்டு லிங்கன்பெர்ரி ஜாம் அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும். லிங்கன்பெர்ரி முதலிலோ, சர்க்கரைக்கு அடுத்தோ இருந்தால் சரி. ஆப்பிள் கூழ், நிறமூட்டி, மணமூட்டி எல்லாம் தாண்டிக் கடைசியில் பெயருக்கு வந்தால் அந்த விலை கொடுக்க வேண்டாம். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றும் பாட்டிலில் இருக்க வேண்டும், தனியாக ஒட்டிய சீட்டாக இருந்தாலும் பரவாயில்லை. அந்தச் சீட்டு காலாவதித் தேதியை மறைத்து ஒட்டியிருந்தால் பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.