நகையை மீட்பதா, முதுகுக்கான பயிற்சியைத் தொடர்வதா?

கேள்வி: என் கணவருக்கு வயது 47. நீடாமங்கலம் பக்கம் மூன்று ஏக்கரில் சம்பா நட்டிருக்கிறோம். இடுப்பில் டிஸ்க் விலகியதற்காக ஐந்து வாரங்களுக்கு முன் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அதற்காகக் கூட்டுறவு சங்கத்தில் நகையை வைத்து, 10 விழுக்காடு வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினோம். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. பிசியோதெரபிக்கு வாரம் மூன்று முறை, 12 வாரம் வரச் சொல்கிறார்கள். ஒரு முறைக்கு 500 ரூபாய், ஆட்டோவுக்கு 200. வலி நன்றாகக் குறைந்துவிட்டதால் பயிற்சியை நிறுத்திவிட்டு, 60,000 ரூபாயையும் நகைக்கடனில் கட்டிவிடலாமா?

பதில்: இப்போது கட்ட வேண்டாம், சகோதரி. வட்டி ஓடுகிறதே என்ற உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் அந்த 60,000 ரூபாயைக் கட்டுவதால் மூன்று மாதத்தில் மிச்சமாகும் வட்டி 1,500 ரூபாய்தான். 36 முறை பயிற்சிக்கு ஆட்டோவோடு சேர்த்து 25,200 ரூபாய் ஆகும் என்றாலும், இதை அறுவை சிகிச்சைச் செலவின் கடைசித் தவணையாகவே நான் கருதுகிறேன். டிஸ்க் அறுவைக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் தொடங்கும் பயிற்சி, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட விரைவாக வலியைக் குறைத்து நடமாட்டத்தை மீட்டுத் தருகிறது என்றும், அதனால் மறு அறுவைக்கான தேவை கூடுவதில்லை என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

வலி குறைந்திருக்கும் இந்த வாரங்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை. மருந்தடிக்கும் டேங்கில் 16 லிட்டர் நிரப்பினால் தண்ணீரின் எடையே 16 கிலோ; அதை முதுகில் மாட்டிக்கொண்டு வழுக்கும் வரப்பில் நடப்பதும், குனிந்து மடை வெட்டுவதும் அவர் உடம்புக்கு இப்போது ஆகாதவை. மருத்துவர் அனுமதிக்கும்வரை இந்த வேலைகளுக்கு ஆள் வைக்க 15,000 ரூபாயை ஒதுக்குங்கள். இன்னொரு 10,000 ரூபாயை எதற்காகவும் தொடாதீர்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப் போனாலோ, காலில் திடீரென வலுக் குறைந்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்ப அந்தப் பணம் வேண்டும். மீதி 9,800 ரூபாயை வேண்டுமானால் நகைக்கடனில் கட்டுங்கள்.

பயிற்சிச் செலவைக் குறைக்கவும் வழி இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேட்கலாம். மேற்பார்வையில் செய்வதற்கும் வீட்டில் செய்வதற்கும் தெளிவான வேறுபாடு ஆய்வுகளில் தெரியவில்லை என்பதால், முதல் சில வாரங்களில் முறையாகக் கற்றுக்கொண்டு, பிறகு மருத்துவரின் சம்மதத்தோடு போகும் முறைகளைக் குறைப்பது நியாயமான சிக்கனம்.

உங்களிடமோ பிள்ளைகளின் அலுவலகம் வழியாகவோ மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று உடனே பாருங்கள். வீடு திரும்பிய பின் 60 அல்லது 90 நாள் வரையிலான சிகிச்சைச் செலவைப் பல பாலிசிகள் தருகின்றன. ஐந்து வாரம் ஓடிவிட்டதால் தாமதிக்கக் கூடாது. பயிற்சி தேவை என்ற மருத்துவரின் சீட்டையும், தேதி போட்ட ரசீதுகளையும் ஒன்றுவிடாமல் வைத்திருங்கள்.

தை அறுவடை முடிந்து கொள்முதல் நிலையப் பணம் வங்கிக்கு வந்ததும், பயிர்க்கடன் வாங்கியிருந்தால் கெடு தவறாமல் முதலில் அதைக் கட்டுங்கள். தவறினால் வட்டிச் சலுகை போய்விடும். நகையை அதற்கு அடுத்து மீட்கலாம்.