லென்ஸ் வாங்க: கடையா, இணையமா?

கேள்வி: என் கேனான் கேமராவுக்கு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் தேவை. உள்ளூர்க் கடையைவிட இணையத்தில் விலை குறைவாக இருக்கிறது. எங்கே வாங்கலாம்? – வாசகர், கும்பகோணம்.

பதில்: முதலில் இணைய விலையைக் கடைக்காரரிடம் காட்டிப் பேசிப் பாருங்கள், பலர் இறங்கி வருவார்கள். கடையில் வாங்குவதன் உண்மையான ஆதாயம், உங்கள் கேமராவிலேயே லென்ஸைப் பொருத்திச் சோதிக்கலாம் என்பதுதான். சுவரில் ஒட்டிய செய்தித்தாளை நேர் எதிரே நின்று, எஃப்/1.8-இல் (லென்ஸின் துளை முழுதும் திறந்த நிலையில்) படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கு மூலைகளும் சற்று மங்கினால் அது இயல்பு. ஒரு மூலை மட்டும் குழம்பியிருந்தால், உள்ளே கண்ணாடி விலகியிருக்கக்கூடும் என்பதால் வேறொன்றைக் கேளுங்கள்.

இணையத்தில் வாங்கினால், தளத்தின் பெயரை நம்பாமல் விற்பவர் யாரென்று பாருங்கள். பெட்டியில் இறக்குமதியாளர் முகவரியும் அதிகபட்ச சில்லறை விலையும் அச்சிடப்படாத லென்ஸுக்கு இந்திய உத்தரவாதம் பெரும்பாலும் கிடைக்காது. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் மேற்சொன்ன சோதனையைச் செய்துவிடுங்கள்.

இந்த லென்ஸ் விலை குறைந்தது என்பதால் இணையத்திலேயே வாங்கலாம். பழைய லென்ஸ் என்றால் மட்டும், டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இழை படர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.