விடியற்காலையில் மட்டும் பிஎம் 2.5 எகிறுவது ஏன்?

உங்கள் உணரி கெட்டுப்போயிருக்காது, பெரும்பாலும் ஈரப்பதம்தான் அதை ஏமாற்றுகிறது. விடியற்காலையில் மட்டும் உங்கள் மொட்டைமாடி உணரி, பிஎம் 2.5 எனப்படும் காற்றில் மிதக்கும் நுண்துகளின் அளவை, சென்னை வேளச்சேரியில் உள்ள அரசு காற்றுத் தர நிலையத்தைவிட இரு மடங்கு காட்டுகிறது என்றீர்கள். லேசர் உணரி துகளை எடை போடுவதில்லை. துகள் சிதறடிக்கும் ஒளியை வைத்துக் கணக்கிடுகிறது. ஈரத்தில் ஊறிப் பருத்த துகள் கூடுதல் ஒளியைச் சிதறடிக்கும். நிலையங்களில் வழக்கமாக உள்ள பீட்டா கதிர்க் கருவியோ (வடிதாளில் படிந்த துகளின் எடையைப் பீட்டா கதிரால் கணிப்பது), காற்றைச் சூடாக்கி உலர்த்திய பிறகே அளக்கும்.

1. ஒரு வாரம் உணரி, நிலையம் இரண்டும் காட்டும் அளவையும் ஈரப்பதத்தையும் மணிவாரியாகக் குறியுங்கள். கன மீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்ற அளவையே எடுங்கள். காற்றுத் தரக் குறியீடு 24 மணி நேரச் சராசரி, ஒப்பிட்டால் குழப்பும்.

2. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிய மணிகளை நீக்குங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறதா? சுருங்கினால் ஈரப்பதம்தான் காரணம்.

சுருங்காவிட்டால் அக்கம்பக்கத்தில் யாரோ குப்பை எரிக்கலாம். அந்தப் புகை நிஜம். ஈரப்பதத்துக்கான திருத்தக் கணக்கு போட்டு அதை மறைத்துவிடாதீர்கள்.